கொடி இரண்டு, கல்லாப்பெட்டி ஒன்று!

படையெடுப்பு! இப்படித்தான் பெயர் சூட்டினார்கள் அந்தக் கேளிக்கைக்கு. 2001-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள், அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரத்தில், கண்ட் அரங்கிலே நடந்தது. இந்தப் பக்கம் ஐந்து பயில்வான்கள்; அந்தப் பக்கம் ஐந்து பயில்வான்கள். இந்த ஐவர், டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியின் மானம் காக்க மார்தட்டி வந்தவர்களாம். அந்த ஐவரோ, டபிள்யூ.சி.டபிள்யூ., ஈ.சி.டபிள்யூ. என்னும் இரு கம்பெனிகளின் கூட்டுப் படையாம். எதிரியின் கோட்டையைப் பிடித்துக் கொடி நாட்டப் புறப்பட்டவர்களாம். அண்டர்டேக்கர், கேன், ஜெரிக்கோ, கர்ட் ஆங்கிள், ஸ்டீவ் ஆஸ்டின் இங்கே. புக்கர் டி, டயமண்ட் டல்லஸ் பேஜ், ரைனோ, டட்லி சகோதரர் இருவர் அங்கே. (சகோதரர் என்பதும் வேடந்தான், உடன் பிறந்தவர்கள் அல்லர்.) அடியும் உதையும் ஆரவாரமும் முற்றிய வேளையிலே, ஆஸ்டின் தன் அணித்தோழன் ஆங்கிளையே தாக்கிச் சாய்த்து, எதிரிக்கு வெற்றியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். துரோகி என்று துடித்தது ஒரு கூட்டம். தொலைக்காட்சியிலே காசு கட்டிப் பார்த்தவர்கள் வேறு, வீட்டுக்கு வீடு கொதித்தார்கள்.

தோழர்களே! இவ்வளவு கொதிப்புக்கும் காரணமான அந்தக் கோட்டை எவருடையது? வின்ஸ் மக்மஹோன் என்ற முதலாளியுடையது. கோட்டையைத் தாக்க வந்த டபிள்யூ.சி.டபிள்யூ. எவருடையது? அதுவும் அவருடையதே! அதே ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் விலை பேசி வாங்கியாகிவிட்டது. ஈ.சி.டபிள்யூ.வோ கடனில் மூழ்கித் திவால் மனுப் போட்டுவிட்ட கம்பெனி. அதன் பயில்வான்கள் பலர் அப்போதே மக்மஹோனிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள். சரி, கதையிலே எதிர்ப்படைக்குத் தலைவர் யார்? மக்மஹோனின் மகன் ஷேன். அவருக்குத் துணைத் தளபதி? மகள் ஸ்டெஃபனி. அப்பன் ஒரு கட்சி, பிள்ளைகள் எதிர்க்கட்சி. அடிபடுவது ஊரான் வீட்டுப் பிள்ளை. வசூல் வந்து விழுவது ஒரே வீட்டுப் பெட்டியில்!

"நாடகந்தானே அய்யா! தெரிந்துதானே பார்க்கிறார்கள்?" என்பீர்கள். உண்மை. கூத்துக் கொட்டகையிலே இராமனும் இராவணனும் திரைக்குப் பின்னால் ஒரே நெருப்புக் குச்சியில் பீடி பற்றவைத்ததைப் பார்த்தவர்கள்தாமே நாம்! கிங்காங், தாராசிங் பெயரைச் சொன்னால் நம் தந்தையர் முகம் மலர்ந்ததும் நினைவிருக்கிறது. வேடம் கட்டுவது குற்றமன்று. அதுவும் ஓர் உழைப்பு, உடம்பை முறிக்கும் உழைப்பு. மேடைப் பலகை பொய் பேசாது. விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். நாம் கேட்பது ஒன்றே: வேடம் கட்டியவனுக்கு என்ன கிடைத்தது?

இந்தப் போலிப் போருக்கு முன்னே ஒரு மெய்யான போர் நடந்தது. டெட் டர்னர் என்ற தொலைக்காட்சிச் சீமான் 1988-இல் ஒரு மல்யுத்தக் கம்பெனியை வாங்கி, டபிள்யூ.சி.டபிள்யூ. என்று நடத்தினார். 1995 செப்டம்பர் 4 முதல் திங்கட்கிழமை இரவுகளில் 'நைட்ரோ' என்ற காட்சியை, மக்மஹோனின் 'ரா' காட்சிக்கு நேர் எதிராக, அதே நேரத்தில் ஓடவிட்டார். 1996 கோடையிலிருந்து 1998 ஏப்ரல் வரை எண்பது வாரங்களுக்கு மேல் இடைவிடாமல் பார்வையாளர் எண்ணிக்கையிலே டர்னர் பக்கமே முந்தியது. இரண்டு சீமான்களின் போட்டிதான்; அதிலே நமக்கென்ன என்று கேட்கலாம். ஆனால் அந்த ஆண்டுகளிலே பயில்வானுக்குப் போக்கிடம் இரண்டு இருந்தது! இங்கே குறைத்துப் பேசினால் அங்கே போய்விடுவான். கூட்டம் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி என்றிருந்த தொழிலிலே, வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று உறுதி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் தலைகாட்டியது அந்தப் போட்டியால்தான். முதலாளிகள் மெய்யாக மோதியபோது தொழிலாளிக்குச் சோறு கூடியது. முதலாளி ஒருவரே ஆகி, மோதல் வேடிக்கையாக மாறிய பிறகு?

2001 மார்ச் 26, புளோரிடாவின் பனாமா சிட்டி பீச். நைட்ரோவின் கடைசி இரவு. டர்னரின் கம்பெனி பெருங்கம்பெனிகளோடு இணைந்து ஏ.ஓ.எல். டைம் வார்னர் ஆகிவிட்டது. புதிய நிர்வாகி, எங்கள் அலைவரிசைகளில் இனி மல்யுத்தம் கிடையாது என்று முடித்துவிட்டார். அரங்கிலே உடற்கட்டு அப்படியே இருந்தது, கூட்டம் இருந்தது, தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அலைவரிசை போயிற்று, அத்தோடு எல்லாம் போயிற்று. மக்மஹோன் எடுத்துக்கொண்டது பெயரையும், பழைய படச்சுருள்களையும், இருபதுக்குச் சற்றே மேற்பட்ட பயில்வான்களின் ஒப்பந்தங்களையுந்தான். கோல்டுபெர்க், ஸ்டிங், ஃபிளேர், நாஷ் போன்ற பெருந்தலைகள் டைம் வார்னரோடு எழுதிய கொழுத்த ஒப்பந்தம் தீரும்வரை வீட்டிலேயே இருந்தார்கள். விவரமானவர்கள்! டல்லஸ் பேஜ் போன்றோர், வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டுக் கோதா ஏற வந்தார்கள். ஆகவேதான் அந்தப் 'படையெடுப்பு' அரைப் படையோடு நடந்தது. வந்தவர்களையும் கதையிலே தோற்கடித்து, மட்டந்தட்டி, இரண்டாந்தரமாக்கியே காட்டினார்கள். நவம்பர் 18-இல் கிரீன்ஸ்பரோவிலே, தோற்ற கம்பெனி கலைக்கப்படும் என்று பந்தயம் வைத்து, ராக் என்பவரின் அணி வென்றதாக முடித்தார்கள். கலைந்தது மாற்றான் கம்பெனி. மார்ச்சிலேயே செத்துவிட்ட கம்பெனிக்கு நவம்பரிலே மறுபடியும் பாடை!

பயில்வான் எப்படி ஒப்பந்தம் எழுதுகிறான் என்பதையும் பாருங்கள். அவன் ஊழியன் அல்லனாம். 'சுயேச்சை ஒப்பந்தக்காரன்' ஆம். சுயேச்சையின் இலட்சணம் கேளுங்கள்! எங்கே எப்போது வரவேண்டும் என்பது கம்பெனி சொல்லும். யாரோடு மோதுவது, எந்த நிமிடத்தில் தோற்பது என்பதும் கம்பெனி சொல்லும். வேறு கம்பெனி மேடையில் ஏறக்கூடாது. அவன் சுமந்து திரிந்து புகழாக்கிய மேடைப்பெயர்கூடப் பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. ஆனால் விடுதி வாடகை, கார் வாடகை, மருத்துவக் காப்பீடு என்று பேச்சு வந்தபோது மட்டும், 'தாங்கள் சுயேச்சையானவர் அல்லவா, தங்கள் பொறுப்பு' என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள்! கோதாவிலே பட்ட காயத்துக்கு அறுவைச் செலவைக் கம்பெனி ஏற்றதுண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது முதலாளி மனம் வைத்துக் கொடுப்பது. சங்கம் பேசி வாங்கிய உரிமையன்று. 2008-இல் முன்னாள் பயில்வான்கள் மூவர், நாங்கள் ஊழியர்களே என்று வழக்குப் போட்டனர். 2009-இல் தள்ளுபடி.

சங்கம் பற்றி எவனும் வாய் திறக்கவே இல்லையா? திறந்தான் ஒருவன். ஜெஸ்ஸி வென்ச்சுரா என்று பெயர். 1986, 'ரெஸ்ஸில்மேனியா' என்ற பெருங்காட்சியின் இரண்டாம் ஆண்டு. மூன்று நகரங்களில் ஒரே இரவில் நடத்துவதாக நாடெங்கும் விளம்பரம் செய்து முடித்தாயிற்று. அந்த வேளை பார்த்து, உடை மாற்றும் அறையிலே வென்ச்சுரா எழுந்தார். விளம்பரம் வெளியே போய்விட்டது, டிக்கட்டு விற்றுவிட்டது, நாம் அனைவரும் சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கம்பெனி பேச வந்தே தீரவேண்டும், சங்கம் அமைப்போம் என்ற கருத்தைச் சொன்னார். எந்த ஆலை வாசலில் நின்று பார்த்தவனும் ஒப்புக்கொள்வான், அது சரியான நேரத்தில் சரியான பேச்சு என்று. அதற்கப்புறம் முதலாளியிடமிருந்து வந்தது தொலைபேசி, மிரட்டலோடு! மூடிய அறையிலே பேசியது முதலாளி காதுக்கு எப்படிப் போயிற்று?

விடை தெரிய ஆண்டுகள் பல ஆயின. வென்ச்சுரா தம் குரலும் உருவமும் இடம்பெற்ற படப்பேழைகளுக்கு உரிய பங்கு கேட்டுக் கம்பெனி மீது வழக்காடினார். 1994-இல் ஜூரிகள் எட்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வழக்கின் சாட்சிய விசாரணையிலேதான், சொன்னது யார் என்று மக்மஹோனைக் கேட்டதாகவும், ஹல்க் ஹோகன் என்று அவர் பிரமாணத்தின் பேரில் விடை சொன்னதாகவும் வென்ச்சுரா பலமுறை கூறியிருக்கிறார். ஹோகன்! அந்நாளிலே கம்பெனியின் தலைமை நாயகன்; எவரையும்விட அதிகம் ஈட்டியவர். சிறுவர்களுக்குச் சத்தியம் உபதேசித்த மேடை வீரர். 2025-இல் மறைந்துவிட்டார். கிளீவ்லாந்திலே ஆஸ்டின் செய்த துரோகத்துக்கு ஊரே துடித்தது. அது எழுதிக் கொடுத்த துரோகம். உடை மாற்றும் அறையிலே நடந்ததற்குத் துடித்தவர் எவர்? வென்ச்சுரா பின்னர் 1998 தேர்தலில் வென்று மின்னசோட்டா மாநிலத்தின் கவர்னரே ஆனார். நடிகர் சங்கத்திலே உறுப்பினரும் ஆனார். மாநிலத்தை ஆள முடிந்தது. மல்யுத்தத் தொழிலிலே ஒரு சங்கம் அமைக்க முடியவில்லை.

1989-இல் கம்பெனியார் நியூஜெர்சி சட்டமன்றத்தில் போய், இது போட்டியே அன்று, வெறும் கேளிக்கை என்று தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். உண்மை பேசும் ஆசையா? இல்லை, விளையாட்டு வாரியத்தின் வரியும் மேற்பார்வையும் தொலையவேண்டும் என்ற ஆசை. மேற்பார்வை போயிற்று, அதோடு மோதலுக்கு முன் பயில்வானின் உடலைச் சோதிக்கவேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. பத்தாண்டு கழித்து, 1999 மே 23-இல், கான்சஸ் சிட்டி அரங்கிலே, கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரும் வேடிக்கை காட்டப்போன ஓவன் ஹார்ட், எழுபதடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்து மாண்டார். வயது 34. மனைவி, இரண்டு குழந்தைகள். உடலைத் தூக்கிச் சென்றபின் காட்சி தொடர்ந்தது! வீட்டில் பார்த்தவர்களுக்கு மரணச் செய்தி சொன்னார்கள். அரங்கிலே காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. எழுந்து போய்விடுவார்களே!

எதிரிக் கம்பெனி ஒழிந்தபின் மக்மஹோனுக்கு ஒரு சங்கடம் வந்தது. மோதவிட ஆளில்லை! 2002 மார்ச் 25-இல் தம் பயில்வான்களையே இரண்டாகப் பிரித்தார். 'ரா' ஒரு படை, நிறம் சிவப்பு. 'ஸ்மாக்டவுன்' ஒரு படை, நிறம் நீலம். நேற்று ஒரே அறையில் உடை மாற்றியவர்கள் இன்று பரம்பரைப் பகைவர்கள்! 2011-இல் இந்தப் பிரிவினை நீர்த்துப்போயிற்று. 2016-இல் மீண்டும் பிரித்தார்கள். கம்பெனி 2023-இல் டி.கே.ஓ. என்ற பெருங்குழுமத்துக்குள் போய்விட்டது. சிவப்பும் நீலமும் போகவில்லை. 2019-இல் ஏ.ஈ.டபிள்யூ. என்று வேறொரு செல்வந்தர் வீட்டுக் கம்பெனி வந்தபிறகே பயில்வானுக்கு மறுபடி இரண்டாவது வாசல் ஒன்று திறந்தது. அதிலும் சங்கம் கிடையாது.

2005 நவம்பர் 27-இல் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஐவர் ஐவராய்ப் பெருமோதல் நடந்தது. ஊர் எது தெரியுமா? டெட்ராய்ட்! மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைமையகம் இருக்கும் ஊர். நீலப்படையின் ஐவரில் ஒருவராக முதலில் தேர்வானவர் எடி கெர்ரெரோ. தேர்வான சில நாளில், நவம்பர் 13-இல், மினியாபோலிஸ் நகர விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 38. இருதய நோய். அவர் இடத்தில் ராண்டி ஆர்ட்டன் என்பவரைப் போட்டார்கள். குறித்த நாளில் மோதல் நடந்தது, நீலப்படை வென்றது, கடைசிவரை மேடையில் நின்றவர் ஆர்ட்டன். பயில்வான்களின் இருதயத்தையும் மருந்துப் பழக்கத்தையும் சோதிக்கும் திட்டம் ஒன்றைக் கம்பெனி 2006 பிப்ரவரியில் கொண்டுவந்தது.