சூரமங்கலம் ஸ்டேஷனுக்குள் ஒரு செல்!

குட்டீஸ், அறிவியல் புத்தகத்தில் செல்லின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓர் உருண்டை. சுற்றிலும் அவரைக்காய் மாதிரி, பை மாதிரி, மடித்து வைத்த துணி மாதிரி என்னென்னவோ! ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டு நீளமாக ஒரு பெயர். பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்வோம். எழுதி முடித்ததும் மறந்து போவோம்.

மனப்பாடமே வேண்டாம்! சேலம் சூரமங்கலத்துக்கு வாருங்கள். சேலம் ஜங்ஷன் இங்கேதான் இருக்கிறது. ஜோலார்பேட்டை, ஈரோடு, தருமபுரி, விருத்தாசலம், நாமக்கல் என்று பல பக்கங்களில் இருந்தும் ரயில்கள் வந்து சேரும் இடம். இந்த ஸ்டேஷனை அப்படியே சுருக்கிச் சுருக்கி, ஊசி முனையை விடச் சின்னதாக்கினால்? அதுதான் செல்!

1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, மெல்லியதாகச் சீவிய தக்கையை நுண்ணோக்கியில் பார்த்தார். குட்டிக் குட்டி அறைகள் தெரிந்தன. 'சின்ன அறை' என்ற பொருளில் 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது இறந்துபோன செல்களின் வெறும் சுவர்களைத்தான். நாம் உயிருள்ள செல்லுக்குள்ளேயே போகலாம், வாருங்கள்!

வாசலில் யார்?

ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் டிக்கெட் பரிசோதகர் இருப்பார். டிக்கெட் இருப்பவரை விடுவார், இல்லாதவரை நிறுத்துவார். செல்லைச் சுற்றியுள்ள செல் சவ்வும் இப்படித்தான். ஆக்சிஜன், தண்ணீர், சர்க்கரை போன்ற வேண்டிய பொருட்களை உள்ளே விடும். கரியமில வாயு போன்ற கழிவுகளை வெளியே அனுப்பும்.

உள்ளே நிறைந்திருக்கும் கொழகொழப்பான பொருள் சைட்டோபிளாசம். ஜவ்வரிசிக் கஞ்சியை நினைத்துக் கொள்ளுங்கள். ஸ்டேஷனின் எல்லா வேலையும் அதன் வளாகத்துக்குள் நடப்பது மாதிரி, செல்லின் வேலைகள் இந்தக் கஞ்சிக்குள் நடக்கின்றன.

அலுவலக அறை

எந்த ரயில் எப்போது, எந்த பிளாட்பாரத்தில்? எல்லா விவரமும் நிலைய அதிகாரியின் அறையில் இருக்கும். செல்லில் அந்த அறைதான் உட்கரு. உள்ளே இருக்கும் பெரிய குறிப்புப் புத்தகம் டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. மனிதனுக்கு ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அடேங்கப்பா!

இந்தப் புத்தகம் அறையை விட்டு வெளியே வராது. தேவையான பக்கம் மட்டும் நகல் எடுக்கப்பட்டு வெளியே போகும். அந்த நகலின் பெயர் தூது ஆர்.என்.ஏ.

கேண்டீனும் பார்சல் ஆபீசும்

நகல் போய்ச் சேரும் இடம் ரைபோசோம். இது ஸ்டேஷன் கேண்டீனின் சமையல்காரர்! நகலில் உள்ள குறிப்பைப் படித்து, 20 வகை அமினோ அமிலங்களில் இருந்து வேண்டியதை எடுத்து, வரிசையாகக் கோத்து, புரதம் சமைக்கும். நம் தசை, முடி, நகம் எல்லாவற்றிலும் புரதம் உண்டு.

இந்தச் சமையல்காரரின் உருவத்தை அணு அணுவாகக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

செய்து முடித்த புரதம், எண்டோபிளாச வலைப்பின்னல் வழியாக நகரும். இது பிளாட்பாரங்களை இணைக்கும் நடைமேம்பாலம் மாதிரி. அடுத்து கோல்கை உறுப்பு. இதுதான் பார்சல் ஆபீஸ்! பொருட்களைப் பிரித்து, பொட்டலம் கட்டி, முகவரி ஒட்டி, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பும். 1898இல் இதைக் கண்டறிந்த இத்தாலிய விஞ்ஞானி கோல்கையின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது.

கரண்ட் எங்கிருந்து?

ரயில் ஓட மின்சாரம் வேண்டுமே! நம் மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். செல்லின் மின் நிலையம் மைட்டோகாண்ட்ரியா. இங்கே எரிபொருள், நீங்கள் சாப்பிட்ட சோற்றில் இருந்து கிடைக்கும் சர்க்கரை. தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆக்சிஜன் உதவியுடன் படிப்படியாகச் சக்தி எடுக்கப்படுகிறது. ஓய்வே இல்லாமல் துடிக்கும் இதயத் தசையின் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிக அதிகம்.

குப்பை சேர்ந்தால்? துப்புரவுப் பணியாளர் லைசோசோம் இருக்கிறதே! பழுதான பாகங்களைச் சிதைத்து, பயன்படும் பொருளைத் திரும்பவும் செல்லுக்கே கொடுக்கும்.

குச்சிக் கிழங்கு ரகசியம்

தாவர செல்லில் இன்னும் சில வசதிகள் உண்டு. வெளியே உறுதியான காம்பவுண்டு சுவர். அது செல் சுவர். உள்ளே பெரிய தண்ணீர்த் தொட்டி, அது நுண்குமிழ். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் செடி வாடித் தலை சாயும். இலைகளில் பசுங்கணிகம் என்ற சூரிய அடுப்பும் உண்டு. வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கும்.

நம் பக்கத்தில் விளையும் குச்சிக் கிழங்கை, அதாவது மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கொள்ளுங்கள். இலையில் தயாரான சர்க்கரை கிழங்குக்கு வந்து, செல்களுக்குள் மாவு மணிகளாகச் சேர்கிறது. சேகோ ஆலையில் கிழங்கை அரைக்கும்போது செல் சுவர்கள் உடைகின்றன. மாவு வெளியே வருகிறது. அந்த மாவுதான் ஜவ்வரிசி ஆகிறது. பாயசம் குடிக்கும்போது, 'இது செல்லின் சேமிப்பு' என்று நினைத்துக் கொள்ளுங்கள்!

ஒரே ஓர் எழுத்து மாறினால்?

கேண்டீன் குறிப்பில் 'அரிசி' என்பது ஓர் எழுத்து மாறி 'அரசி' ஆகிவிட்டால்? பாவம் சமையல்காரர், ராணியைத் தேடிப் போவார்! செல்லில் இப்படி நடந்தால் சிரிக்க முடியாது.

நம் ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதைச் செய்வதற்கான குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினால், ஓர் அமினோ அமிலம் மாறிவிடும். வட்டத் தட்டு மாதிரி, வளைந்து கொடுக்கும் சிவப்பணு, கதிர் அரிவாள் போல வளைந்து விறைத்துவிடும். மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கும். தாங்க முடியாத வலி வரும், ரத்தசோகையும் வரும். இதற்குக் கதிர் அரிவாள் ரத்தசோகை என்று பெயர். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த எழுத்து மாற்றம் இருப்பது 1952இல் தெரிய வந்தது. இந்த நோயை ஒழிக்க, 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு தேசிய அளவில் திட்டம் தொடங்கியது.

ஒன்றை மறக்காதீர்கள். இது தொட்டால் ஒட்டும் நோய் அல்ல. அப்பா, அம்மா இருவரிடம் இருந்தும் அந்த மாறிய குறிப்பு வந்து சேர்ந்த குழந்தைக்குத்தான் வரும். உங்கள் வகுப்பில் யாருக்காவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து விளையாடலாம், சேர்ந்து சாப்பிடலாம். வலி வரும் நாளில் துணையாகவும் இருக்கலாம்.

ஸ்டேஷனால் முடியாதது

செல்லும் ஸ்டேஷனும் எல்லாவற்றிலும் ஒன்றா? இல்லவே இல்லை. ஸ்டேஷனில் அதிகாரி யோசித்து முடிவெடுப்பார். உட்கருவுக்கு யோசிக்கத் தெரியாது. செல்லின் பாகங்கள் வேதிப்பொருட்களால் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக் கொள்கின்றன. சூரமங்கலம் ஸ்டேஷன் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஸ்டேஷன் ஆக முடியுமா? செல்லால் முடியும்! அப்படிப் பிரிந்து பிரிந்துதான், ஒரே செல்லாகத் தொடங்கிய நீங்கள் இன்று இவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள். மனித உடலில் இருப்பவை சுமார் 30 லட்சம் கோடி செல்கள்!

கண்ணால் பாருங்கள்!

நுண்ணோக்கி இல்லாமல் செல்லைப் பார்க்க ஆசையா? சேலத்தில் கரூர் ரயில் ஏறினால் வழியில் வருமே நாமக்கல், அந்த ஊர் முட்டை போதும். அம்மாவிடம் கேட்டு, ஒரு முட்டையைக் கிண்ணத்தில் மெதுவாக உடைத்து ஊற்றுங்கள். கருவுறாத முட்டையில் மஞ்சள் கரு முழுவதும் ஒரே செல்! அதன்மேல் சின்னதாக ஒரு வெளிறிய புள்ளி தெரிகிறதா? உட்கருவின் இடம் அதுதான். பார்த்த பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முட்டையை வீணாக்காமல் ஆம்லெட் போடச் சொல்லுங்கள்!

இப்போது உங்கள் முறை. உங்கள் பள்ளிக்கூடத்தையே ஒரு செல்லாக நினைத்துக் கொள்ளுங்கள். வாட்ச்மேன் எந்தப் பாகம்? சத்துணவுக் கூடம்? தண்ணீர்த் தொட்டி? ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்த இடத்தில் அது செல்லுக்குப் பொருந்தவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் செல் பாடம் உங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது என்று பொருள்!