யன்னலோரத்துப் பொன்னாங்காணி

வெள்ளவத்தையில், கடலோசை கேட்கும் தொலைவில், தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியிலே எங்கள் குடித்தனம். வளவு இல்லை, முற்றம் இல்லை. மண் என்பது செருப்பில் ஒட்டி வந்தால் உண்டு. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து உணவுப் பயிர் செய்யும்படி சொன்னார்கள். முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்ததன் விளைவும் டொலர்ப் பஞ்சமும் ஒன்றுசேர்ந்து மரக்கறி விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டிருந்த காலம் அது. நானும் அரசாங்க ஊழியனே. விடுமுறை கிடைத்துவிட்டது, தோட்டத்துக்கு எங்கே போவது? ஒன்பது பூச்சாடிகளும் கிழக்குப் பார்த்த ஒரு யன்னலுமே என் சொத்து.

மூன்று மாதத்துள் அந்த ஒன்பதில் இருந்தவற்றையும் கொன்றேன். கொன்றேன் என்ற சொல்லை ஆராய்ந்தே எழுதுகிறேன். பூச்சியோ நோயோ அவற்றை அண்டவில்லை. காலையும் மாலையும் குவளை குவளையாக நீர் வார்த்தவன் நான்தான். இலை மஞ்சளித்தபோது நீர் போதவில்லையென்று எண்ணி இன்னும் வார்த்தேன்.

அடுத்த ஆண்டு ஐயா எங்களிடம் வந்து சேர்ந்தார். உரும்பிராய்ச் செம்மண்ணில் ஐம்பது ஆண்டுகள் வெங்காயமும் மிளகாயும் செய்த கமக்காரர். கண்ணழுத்த நோய் பார்வையைச் சிறுகச் சிறுகத் தின்று, வெளிச்சமும் நிழலும் மாத்திரம் தெரியும் நிலையில் விட்டிருந்தது. வைத்தியத்துக்கென்று வந்தவர் பின்னர் ஊர் திரும்பவில்லை. யன்னலோரத்துக் கதிரையே அவருக்கு உலகமாயிற்று. முதல் நாள் சாடிகளைப் பற்றிச் சொன்னபோது, "உதென்ன தம்பி, சட்டிக்குள்ள தோட்டமோ?" என்றார். அதன்பின் பல வாரங்கள் அந்தப் பேச்சே இல்லை.

ஒருநாள் நான் நீர் வார்க்கும் சத்தம் கேட்டு, "தண்ணி கேட்டதோ உது? கேளாமல் ஏன் வார்க்கிறாய்?" என்றார். கையைத் துழாவிச் சாடியைப் பிடித்து, ஆட்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணுள் புதைத்து எடுத்து முகர்ந்தார். "சேறு மணக்குது. வேர் மூச்சுவிட ஏலாமல் செத்துப்போச்சு."

வேருக்கும் காற்று வேண்டும். தோட்டத்து நிலத்தில் மிஞ்சிய நீர் கீழே கீழே இறங்கிப் போய்விடும். சாடிக்கு அடி உண்டு. அங்கே நீர் தங்கிவிடும். அடியில் கல்லும் ஓட்டுத் துண்டும் பரப்பினால் நீர் வடியுமென்று பலரும் சொல்வர், நானும் பரப்பினேன். அது பிழை. நுண்ணிய மண்ணில் ஊறிய நீர், அந்த மண் முற்றாக நிறையுமட்டும் கல்லிடுக்குக்குள் இறங்குவதில்லை. ஆகவே சேறு அடியிலிருந்து மேலேறி வேருக்கு அண்மையில் நிற்கும். அடியில் நல்ல துளைகள் இருந்தாற் போதும். நீர் வார்க்குமுன் விரலை விட்டுப் பார்க்கலாம். அதனினும் எளிது சாடியைத் தூக்கிப் பார்ப்பது. நனைந்த சாடியின் பாரம் ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால், காய்ந்த சாடி தானாகவே சொல்லும். ஐயா இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறார்.

ஆனால் மண் விடயத்தில் ஐயாவும் தோற்றார். ஊர்ச் செம்மண்ணே வேண்டுமென்று அடம்பிடித்து ஒரு பை வரவழைத்தார். சில வாரங்களில் அது சாடிக்குள் செங்கல்லாக இறுகிற்று. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் மனத்தில் நிற்கிறது. தோட்டத்து மண்ணைப் புழுவும் வேரும் மண்வெட்டியும் இடையறாது இளக்குகின்றன; சாடிக்குள் அவை ஏது? இப்போது தும்புச்சோற்றை இரண்டு மூன்று முறை நீரில் அலசி உப்பைப் போக்கி, அதனோடு கூட்டெருவும் சிறிது மணலும் கலக்கிறோம். தும்புச்சோற்றில் சத்து இல்லையாதலால் மாதத்துக்கொருமுறை கூட்டெரு மேலே தூவவேண்டும். ஐயாவின் திருப்திக்காக ஒரு பிடி செம்மண்ணும் சேர்ப்பதுண்டு.

வெளிச்சத்தில் நம் கண் நம்மை ஏமாற்றும். அறையின் நடுவில் நின்று பத்திரிகை படிக்க முடிகிறதென்பதற்காகச் செடிக்கும் அது போதுமென்று எண்ணலாகாது. யன்னலை விட்டு ஒரு பாகம் நகர்ந்தாலே வெளிச்சம் மிகக் குறைந்துவிடும். சாடி வைக்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் பிரிந்து விழாவிட்டால் அங்கே காய்க்கும் பயிர் வேண்டாம். கொழும்பு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருப்பதால், ஆனி மாதத்து வெயில் வடக்கு யன்னலையும் மார்கழி வெயில் தெற்கு யன்னலையும் நாடும். கிழக்கு யன்னலுக்கோ ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு.

புதிதாகத் தொடங்குவோர் விதை வாங்கவே வேண்டாம். சந்தையில் கறிக்கு வாங்கும் பொன்னாங்காணிக் கட்டிலே தடித்த தண்டுகள் நாலைந்தை எடுத்து, கணு மண்ணுள் புதைய நட்டால் சில நாளில் வேர்விடும். இலையை நுனியிற் கிள்ளக் கிள்ளப் படரும். புதினாவும் அவ்வாறே. அடுத்து, சமையலறை வெந்தயம்: ஓரிரவு ஊறவைத்துத் தூவினால் சில நாளில் முளைத்து, மூன்று வாரத்தில் கறிக்கு ஆகும். கொத்தமல்லி சற்றுக் கர்வம் பிடித்தது. நாம் ஒரு விதையென்று எண்ணுவது இரண்டு விதைகள் ஒட்டிய காய். உள்ளங்கையால் மெல்ல உரைத்துப் பிரித்து விதைக்கவேண்டும். பிடுங்கி நட்டால் பொறுக்காது. வெப்பம் மிஞ்சினால் இலை விடாமற் பூத்துவிடும். கத்தரியையும் பயற்றங்காயையும் வீட்டுக்குள் நட ஆசைப்படாதிருப்பதே நலம்.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது. சாடியின் கீழே வைத்த தட்டுகளில் தேங்கிய நீரை நான் கவனித்ததில்லை. கீழ்வீட்டுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலில் ஆறு நாள் வைத்தியசாலையிற் கிடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டு வந்து, எங்கள் தட்டொன்றை வெளிச்சத்திற் பிடித்துக் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. அந்த நுளம்பு எங்களதுதானா என்று எவராலும் சொல்ல இயலாது. எங்களது அல்லவென்று என்னாலும் சொல்ல இயலாது. பிள்ளை பிழைத்தது. முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தட்டு காய்ந்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினாற் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும். நாங்கள் தட்டுகளையே ஒழித்துவிட்டோம். குளியலறையில் வைத்து நீர் வார்த்து, வடிந்தபின் தூக்கி வருகிறோம்.

இப்போது காய்ப்பதென்று எங்களிடம் இருப்பது, பழைய பெயின்ற் வாளியில் நிற்கும் ஒரு பச்சைமிளகாய்ச் செடி மாத்திரமே. கண்ணாடிக்குப் பின்னே காற்றில்லாததால் மகரந்தம் சரியாக உதிர்வதில்லை. நாள்தோறும் காலை ஒன்பது மணியளவில் ஐயா எழுந்து, கிளையைத் தடவிப் பிடித்து விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். பின்னர் பிஞ்சுகளைத் தொட்டு எண்ணுவார். நேற்று ஏழு என்றார். நான் பார்த்து எட்டு என்றேன்.

"மற்றது காம்பு, தம்பி."

குனிந்து பார்த்தேன். பூ உதிர்ந்த வெறுங்காம்புதான்.