குழாய்ப் பாய்வில் வெப்பச்சலனம்

குழாயினுள் ஓடும் பாய்மத்துக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே வெப்பம் கைமாறுவதே குழாய்ப் பாய்வின் வெப்பச்சலனம் ஆகும். ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டில், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்பதை வெப்பமாற்றுக் கெழு குறிக்கிறது.

கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறை செல்லும் பேருந்து, ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும். அப்போது எஞ்சினின் வெப்பத்தை நீர் சுமந்துவந்து ரேடியேட்டர் குழாய்களில் விடுகிறது. இக்கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. 1930இல் டிட்டசும் போல்ட்டரும் வெளியிட்ட ஆய்வே வாகன ரேடியேட்டர் பற்றியதுதான். பாடநூல்களில் இன்று காணும் வடிவம் பின்னர் மெக்ஆடம்ஸ் வழியே நிலைபெற்றது:

நசெல்ட் எண் = 0.023 × (ரெனால்ட்ஸ் எண்)^0.8 × (பிராண்டில் எண்)^0.3

பாய்மம் குளிரும்போது அடுக்கு 0.3, சூடாகும்போது 0.4.

முதலில் ரெனால்ட்ஸ் எண்ணைக் காணவேண்டும்: அடர்த்தி × வேகம் × விட்டம் ÷ பாகுநிலை. 8 மி.மீ. குழாயில் 90 பாகை செல்சியசு நீர் நொடிக்கு அரை மீட்டர் ஓடினால் இது சுமார் 12,250. ஓட்டம் கொந்தளிப்பானது, சூத்திரம் பொருந்தும். நீரின் பிராண்டில் எண் 1.96 என்பதால் நசெல்ட் எண் ஏறத்தாழ 52.5. அதை நீரின் வெப்பக் கடத்துதிறனால் (0.675) பெருக்கி விட்டத்தால் வகுத்தால், கெழு சுமார் 4,400.

மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ரெனால்ட்ஸ் எண் 2,300க்குக் கீழே இறங்கினால் ஓட்டம் சீராகிவிடும். மேற்கண்ட சூத்திரம் செல்லாது. சுவர் வெப்பநிலை மாறாத நீண்ட குழாயில் நசெல்ட் எண் 3.66 மட்டுமே. அதே குழாயில் கெழு சுமார் 300ஆக விழும். இடைப்பட்ட பகுதிக்கு 1970களில் வந்த நீலின்ஸ்கியின் சூத்திரம் மேலானது. டிட்டஸ்–போல்ட்டர் விடையில் 25 விழுக்காடு வரை பிழை இருக்கலாம் என்பதால், தசமப் புள்ளிக்குப் பின் இலக்கம் எழுதுவது வீண்.

கெழு 4,400 என்பதால் ரேடியேட்டர் நன்றாக வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றிவந்தால் உள்ளே சுண்ணப் படிவம் கட்டும். அதன் கடத்துதிறன் 1 எனக் கொண்டால், அரை மி.மீ. படிவம் 2,000 அளவே கடத்தும்; நீரைவிட இருமடங்குக்கும் மேலான தடை. வெளியே காற்றுப் பக்கக் கெழுவோ பெரும்பாலும் 100ஐத் தாண்டாது. தகட்டுச் சிறகுகள் வைப்பது அதனால்தான். நீரின் வேகத்தை இரட்டித்தால் உட்பக்கக் கெழு 1.74 மடங்காகும், பம்பு வாங்கும் திறனோ ஏறக்குறைய 7 மடங்கு. ஏற்றத்தில் வண்டி கொதித்தால் பம்பைக் குறை சொல்லுமுன் படிவத்தையும் சிறகுகளின் அடைப்பையும் பார்க்கவேண்டும்.