பிள்ளைகள் எழுதும் ஊர்க் கணக்கு

பாடசாலைப் பிள்ளைகள் ஒன்றுகூடித் தங்கள் ஊரைப்பற்றி ஒரு வலைத்தளம் அமைத்தார்கள் என்றால், நம்மவரிற் பெரும்பாலோர், "நல்ல காரியம், பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழகுகிறார்கள்" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத் தம் ஜோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் பழக்கம் அதில் அற்பமான பங்கே என்பது நமது அபிப்பிராயம். ஓர் ஊரின் விருத்தாந்தத்தை யார் எழுதுவது, எழுதியதை யார் காப்பது என்னும் இரண்டு பெரிய கேள்விகள் அந்தச் சிறு காரியத்தினுள் அடங்கிக் கிடக்கின்றன.

இங்கிலாந்தை வென்று முடிசூடிய வில்லியம் அரசன் 1085-ம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் பிரதானிகளுடன் ஆலோசித்து, தேசமெங்கும் கணக்கெடுக்கும்படி உத்தரவிட்டான். ஊர்தோறும் ஏர் எத்தனை, மாவரைக்கும் ஆலை எத்தனை, புல்தரை எவ்வளவு, பன்றி மேயும் காடு எவ்வளவு, முந்திய அரசன் காலத்தில் ஊரின் மதிப்பு யாது, இப்பொழுது யாது என்று அதிகாரிகள் விசாரித்தார்கள். 1086-ல் உருவான அந்தக் கணக்குக்கு ஜனங்கள் பின்னாளில் இட்ட பெயர் 'டூம்ஸ்டே புஸ்தகம்', அதாவது நியாயத் தீர்ப்பு நாளின் புஸ்தகம். அதில் எழுதியதற்குமேல் அப்பீல் கிடையாது என்பது கருத்து. பதில் சொன்னவர்கள் குடிகள். எழுதினவர்கள் அரசனுடைய குமாஸ்தாக்கள்.

நம் ஜில்லாக்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. மதுரைச் சீமையைப்பற்றி நெல்சன் துரை 1868-ல் வெளியிட்ட பெருநூலும், பிரான்ஸிஸ் துரையின் 1906-ம் வருஷத்து மதுரை ஜில்லா கெஸட்டியரும் உழைப்பின் பயனாக விளைந்தவை. சரித்திர ஆராய்ச்சியாளர் இன்றும் அவற்றைப் புரட்டாமலிருக்க முடியாது. ஆயினும் அவை கலெக்டர் கச்சேரியின் உபயோகத்துக்காகக் கச்சேரியின் கண்கொண்டு பார்த்து எழுதப்பட்டவையே.

நிற்க. டூம்ஸ்டே புஸ்தகத்துக்கு 900 ஆண்டு நிரம்பியபோது, பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனமாகிய பி.பி.சி. ஒரு விநோதமான முயற்சியில் இறங்கியது. புதிதாக ஒரு டூம்ஸ்டே எழுதுவோம், இம்முறை எழுதுகிறவர்கள் பாடசாலைப் பிள்ளைகளாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். நாடு முழுவதையும் 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமுமுள்ள கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களைப் பாடசாலைகளிடம் ஒப்படைத்தார்கள். ஏறக்குறைய 9,000 பாடசாலைகளும், கிராமத்தார் முதலானோருமாகப் பத்து லக்ஷம் ஜனங்களுக்குமேல் அதில் கலந்துகொண்டதாகக் கணக்கு. பிள்ளைகள் ஊரைச் சுற்றிக் கடைகளை எண்ணினார்கள். என்ன சாப்பிடுகிறோம், மாலை வேளையில் என்ன விளையாடுகிறோம் என்பதையெல்லாம் எழுதினார்கள். வில்லியமின் குமாஸ்தாக்களுக்குக் கனவிலும் தோன்றாத விஷயங்கள் இவை. பன்றிகளைத் தேடிய அதிகாரி, அவ்வூர்ப் பிள்ளைகளின் விளையாட்டைப்பற்றி விசாரித்திருக்கமாட்டான்.

இவ்விதம் 1986-ல் வெளியான தொகுதியில் பக்கங்கள் மட்டும் 1,40,000-க்கு மேல். அவற்றைத் தாம்பாளம் போன்ற லேசர் தட்டுகளில் பதித்தார்கள். அத்தட்டுகளைப் படிக்கத் தனியே ஒரு யந்திரம் வேண்டியிருந்தது. அதன் விலையோ பல ஆயிரம் பவுன். எழுதிக்கொடுத்த பாடசாலைகளிலேயே பல அதை வாங்க இயலாமற் போயின. பதினைந்து வருஷத்துக்குள் அந்த யந்திரம் காண்பதற்கு அரிதாயிற்று. ஆட்டுத்தோலில் எழுதிய அரசனுடைய கணக்கு 900 வருஷம் கழித்தும் படிக்கக்கூடியதாக இருக்க, லேசர் தட்டில் எழுதிய பிள்ளைகளின் கணக்கு அவர்கள் வயது வந்தவர்களாவதற்குள் ஊமையாகிவிட்டது! லீட்ஸ், மிச்சிகன் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சியாளர்கள் 2002-ம் வருஷத்தையொட்டி, பழைய யந்திரத்தைப்போல் நடந்துகொள்ளும்படி புதிய கம்ப்யூட்டரைப் பழக்கி அதை மீட்கப் பாடுபட்டார்கள். 2011-ல் பி.பி.சி. பிள்ளைகளின் பக்கங்களை வலைத்தளமாக்கி யாவரும் பார்க்கும்படி செய்தது.

வலைத்தளம் வந்த பிறகு இச்சங்கடமெல்லாம் தீர்ந்துவிட்டதென்று நேயர்கள் நினைக்கலாம். தட்டும் வேண்டாம், தனி யந்திரமும் வேண்டாம் என்பது மெய்யே. 1996-ல் அமெரிக்காவிலுள்ள குளோபல் ஸ்கூல்நெட் என்னும் ஸ்தாபனம் 'சைபர்ஃபேர்' என்ற சர்வதேசப் போட்டியைத் தொடங்கிற்று. மாணாக்கர் தம் ஊர்ப் பெரியோர், தொழில்கள், சரித்திரச் சின்னங்கள், சங்கீதம் முதலிய எட்டு வகைகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு வலைத்தளம் அமைக்கவேண்டும். யாரைக் கண்டு விசாரித்தோம், எந்தத் தடைகள் நேர்ந்தன என்று தனியே ஓர் அறிக்கையும் எழுதவேண்டும். போட்டியில் சேர்ந்தவர்கள் பிற நாட்டுப் பாடசாலைகளின் தளங்களைப் படித்து மதிப்பிடவும் வேண்டும். தைவான் தீவின் பாடசாலைகள் இதில் மிகுந்த ஊக்கம் காட்டின.

இத்திட்டத்தில் நாம் சிறப்பாக மெச்சுவது அந்த அறிக்கையைத்தான். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதப் புகும் மாணாக்கன் வாய் திறந்து கேட்டே தீரவேண்டும். கோயில் குளத்தை வெட்டியவர் யாரென்று ஒரு கிழவரைக் கேட்டால் ஒன்று சொல்வார். எதிர்வீட்டுக் கிழவி அதை மறுத்து வேறொன்று சொல்வாள். இரண்டையும் கேட்ட பிள்ளை கல்வெட்டைத் தேடுகிறான், பழைய பத்திரத்தைத் தேடுகிறான். ஒன்றும் அகப்படாவிட்டால் "இப்படியும் சொல்லுகிறார்கள், அப்படியும் சொல்லுகிறார்கள்" என்று நேர்மையாக எழுதக் கற்கிறான். பரீக்ஷை விடைத்தாளை உபாத்தியாயர் ஒருவரே படிப்பார். ஊர்த்தளத்தையோ ஊரார் படிப்பார்கள். தம் தகப்பனார் பெயரைத் தப்பாக எழுதிவிட்டதாக மறுநாளே வாசலில் வந்து நிற்பார் ஒருவர். அந்தச் சண்டையில் கற்கும் கல்வி வேறெங்கும் கிடைக்காது.

இனி, காப்பது யார் என்னும் கேள்வி. அதே 1996-ல் பிறந்த 'திங்க்குவெஸ்ட்' என்னும் மற்றொரு போட்டியில் மாணாக்கர் அமைத்த தளங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு புத்தகசாலை போலவே விளங்கின. பின்னர் அது ஆரக்கிள் கம்பெனியைச் சேர்ந்த தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருந்தது. 2013 ஜூலையில் மூடப்பட்டது. பிறர் வீட்டுத் திண்ணையில் வைத்த மூட்டை, வீட்டுக்காரர் கதவைச் சாத்தும்வரைதான் நம்முடையது. அசையும் படங்களுக்கென்று பல மாணாக்கர் விரும்பிக் கையாண்ட 'ஃபிளாஷ்' என்ற சாதனத்தையும் அதன் உரிமையாளர் 2020 டிசம்பர் முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அன்று பரிசு வாங்கிய அலங்காரம் இன்று வெற்றுக் கட்டமாய் நிற்கிறது. சாதாரண எழுத்தாய் எழுதி வைத்த பக்கமோ எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது.

இத்தகைய முயற்சிகள் சாகும் விதம் பெரும்பாலும் ஒன்றே. பரிசளிப்பு விழா நடக்கும். பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போவார்கள். ரகசியச் சொல்லை அறிந்த ஒரே உபாத்தியாயர் வேறூருக்கு மாற்றலாவார். தளத்தின் விலாசத்துக்குரிய வருஷ வாடகையைக் கட்ட ஆளிராது. சேர்க்கைப் பதிவேட்டை எந்தத் தலைமை உபாத்தியாயரும் தம் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அவர் போனாலும் அது பாடசாலை அலமாரியிலேயே இருக்கும். ஊர்த்தளத்தின் பிரதியும் ரகசியச் சொல்லும் வாடகை ரசீதும் அந்த அலமாரியிலேயே இருப்பதற்கு என்ன தடை? ஒரு பிரதி ஊர்ப் புத்தகசாலையிலும் இருக்கட்டும்; முக்கியமான பக்கங்களைக் காகிதத்தில் அச்சிட்டுத் தைத்து வைப்பதும் வீண் செலவாகாது. பிள்ளைகளின் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் மட்டும் உலகறியப் போடாதிருப்பது விவேகம்.

பி.பி.சி. 2011-ல் அமைத்த அந்த வலைத்தளமும் 2018-ல் மூடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குமுன் அதன் பிரதியொன்றைப் பிரிட்டனின் தேசிய ஆவணக் களரி வாங்கி வைத்துக்கொண்டது. கியூ என்னுமிடத்திலுள்ள அதே களரியில்தான் வில்லியம் அரசனுடைய ஆட்டுத்தோல் புத்தகமும் இருக்கிறது. 1985-ல் கடைகளை எண்ணிய பத்து வயதுப் பிள்ளைகள் இன்று ஐம்பதை எட்டியவர்கள்; தங்கள் கட்டத்தின் பக்கத்தை அங்கே தேடிப் பார்க்கலாம்.