அழும் கம்பி வந்த வழி

அமெரிக்க கன்ட்ரி பாட்டில் பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தைக் கவனியுங்கள். பின்னால் ஒரு கம்பி விம்மி, குழைந்து, மெல்ல மேலே ஏறும். கேட்டதுமே குதிரையும் அகலத் தொப்பியும் கண்முன் வரும். ஆனால் அந்த ஒலி டெக்சஸில் பிறந்ததல்ல. பசிபிக் கடல் நடுவே, ஹவாய்த் தீவுகளில் பிறந்தது.

அங்கே அதற்கு வித்திட்டவை மாடுகள்! 1793இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய் அரசருக்குச் சில மாடுகளைப் பரிசளித்தார். அவற்றைக் கொல்லக் கூடாதென்று அரசர் தடை போட, மந்தை பெருகிப் பயிரையெல்லாம் மேய்ந்து தீர்த்தது. அடக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே. 1830களில் மெக்சிகோ மாட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களோடு கிட்டாரும் வந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, ஓவாஹு தீவில் ஜோசப் கெகுகு என்ற பையன் தண்டவாள ஓரம் கிடந்த போல்ட் ஒன்றை எடுத்துக் கிட்டார் கம்பிமேல் வைத்து இழுத்துப் பார்த்தான் என்று சொல்வார்கள். பிறகு அதற்கென்றே ஓர் எஃகுத் துண்டைச் செய்துகொண்டான். சாதாரணக் கிட்டாரில் கம்பியை மெட்டுகளுக்கு நடுவே அழுத்த வேண்டும். ஸ்வரங்கள் படிப்படியாகத்தான் வரும். எஃகுத் துண்டோ கம்பிமேல் படிந்து வழுக்குகிறது. அது நிற்கும் இடமே கம்பியின் முனை. இரண்டு ஸ்வரங்களுக்கு இடையில் உள்ள அத்தனை ஒலிகளும் திறந்துவிடுகின்றன. கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்தி ஜாரு வாசிப்பதும் இதே வித்தைதான். அழும் மனிதக் குரலும் படியேறுவதில்லை, வழுக்கித்தான் ஏறி இறங்குகிறது. நெஞ்சைப் பிசைவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய்க் கலைஞர்கள் வாசித்தார்கள். அமெரிக்க நாடே அந்த ஒலியில் மயங்கியது. கன்ட்ரி இசையும் அதற்குத் தப்பவில்லை. 1927 ஆகஸ்டில், டென்னசியும் வர்ஜீனியாவும் ஒரே கடைத்தெருவில் முட்டிக்கொள்ளும் பிரிஸ்டல் ஊரில், ரால்ஃப் பியர் என்பவர் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவையும் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரையும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் பிறந்த ஊர் என்று பிரிஸ்டலைச் சொல்வது அதனால்தான். ராட்ஜர்ஸ் ரயிலில் பிரேக்மேனாக இருந்தவர். 1929இல் அவர் பாட்டுக்கு ஜோ கைபோ என்ற ஹவாய்க்காரர், எஃகுத் துண்டால் வாசிக்கும் அந்த ஸ்டீல் கிட்டாரை வாசித்தார். தண்டவாளத்தோரம் தொடங்கிய ஒலி ரயில்காரரின் குரலோடு சேர்ந்துகொண்டது!

நடன அரங்கின் இரைச்சலில் கிட்டார் எடுபடவில்லை. அதற்கும் வழி பிறந்தது. காந்தத்தின் அருகே எஃகுக் கம்பி அதிர்ந்தால் பக்கத்திலிருக்கும் சுருளில் மின்னோட்டம் எழும். அதைப் பெருக்கினால் போதும். 1932இல் விற்பனைக்கு வந்த, கைப்பிடி வைத்த வறுசட்டி போன்ற அலுமினியக் கருவிதான் வணிகத்தில் வென்ற முதல் மின்கிட்டார். ராக் இசைக்காக அல்ல, மடியில் வைத்து ஹவாய்ப் பாட்டு வாசிப்பதற்காகச் செய்தது அது.

கடைசியாகக் கால்கள் வந்தன. வெப் பியர்ஸ் பாடிய, 1954இல் பதினேழு வாரம் முதலிடத்தில் நின்ற ‘ஸ்லோலி’ பாட்டில், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் என்ற கலைஞர் ஸ்டீல் கிட்டாரில் பொருத்திய பெடலை மிதித்தார். சில கம்பிகள் மட்டும் இறுகி மேலே போயின. மற்றவை அசையாமல் நின்றன. ஒரு முழு ஸ்வரம் ஏற இழுவிசை ஏறக்குறைய கால் பங்கு கூட வேண்டும். அந்த வேலையைப் பாதம் ஒரு நொடியில் செய்துவிடுகிறது.

இன்றைய பெடல் ஸ்டீல் கலைஞர் உட்கார்ந்திருப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இடது கையில் எஃகுத் துண்டு, வலது கை விரல்களில் நகமாட்டி, இடது பாதத்தின் கீழ் பெடல்கள், முழங்கால்களின் இருபுறமும் நெம்புகோல்கள். வலது பாதம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல்மேல். கம்பியைத் தட்டும் கணத்தில் அந்தப் பாதம் ஒலியை அடக்கி வைத்திருக்கும். அதிர்வு தேயத் தேய மெல்ல அழுத்தி ஒலியைக் கூட்டும். விரல் பட்ட சத்தம் நம் காதுக்கு வருவதே இல்லை. தொண்டையிலிருந்து புறப்பட்டது போல, மூச்சாகவே வருகிறது அந்த ஒலி.