கிழிந்த நோட்டின் கணக்கு

"வேற நோட்டு இருந்தா குடுங்க" என்று கண்டக்டர் திருப்பித் தந்த நோட்டை, கூட்டத்தோடு கூட்டமாக வேறு யார் தலையிலாவது கட்டப் பார்ப்போம். முடியாவிட்டால் கமிஷன் கடை. வங்கியே காசு பிடிக்காமல் மாற்றித்தரும் நோட்டுக்கும் இப்படிக் கமிஷன் அழுகிறவர்கள் உண்டு.

அழுக்கேறியது, இரண்டாகக் கிழிந்தாலும் எந்தப் பகுதியும் தொலையாதது: இவை வெறும் அழுக்கு நோட்டுகள். பேனாவால் கிறுக்கியதும் செல்லும். ஆனால் அரசியல் முழக்கம் எழுதியிருந்தால் செல்லாது. அழுக்கு நோட்டுகளை, நமக்குக் கணக்கு இல்லாவிட்டாலும், வணிக வங்கிக் கிளைகள் மாற்றித்தர வேண்டும். ஒரு நாளைக்கு 20 நோட்டு, 5,000 ரூபாய் வரை கட்டணமும் கிடையாது.

சிக்கல், ஒரு பகுதி காணாமல் போனால்தான். அங்கே பரப்பளவுதான் பேசும். ரிசர்வ் வங்கியின் 2009-ம் ஆண்டு விதிகள், புதிய நோட்டுகளின் அளவு சுருங்கியதால் 2018-ல் திருத்தப்பட்டன. 20 ரூபாய் வரையிலான நோட்டில், கையிலிருக்கும் மிகப் பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுத்தொகை, இல்லையென்றால் ஒன்றுமில்லை. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், அந்தத் துண்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் முழுத்தொகை, 40 முதல் 80 வரை பாதித்தொகை, 40-க்குக் கீழே கைவிரிப்பு. ஐந்நூறு ரூபாய் நோட்டின் பரப்பு 99 சதுர சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர் தொலைந்தாலே 250 ரூபாய் போச்சு.

ஏன் 40, ஏன் 80? ஒரே நோட்டை வெட்டி இரண்டு இடத்தில் நீட்டிப் பார்ப்போம். ஒரு துண்டு 80-ஐத் தாண்டினால் மற்றதில் 20-கூடத் தேறாது, அதற்குக் காசில்லை. சரிபாதியாக வெட்டினால் பாதியும் பாதியும்தான். 40 சதவீதத் துண்டுகள் மூன்று ஒரு நோட்டிலிருந்து வரவே வராது. எப்படி வெட்டினாலும் ஒரு நோட்டின் விலைக்கு மேல் பெயராது. யோசித்தவர் கெட்டிக்காரர்தான். வேண்டுமென்றே வெட்டியது தெரிந்தால் அந்த நோட்டையே நிராகரிக்கவும் விதியில் இடமுண்டு.

சில்லுச் சில்லாகக் கிழிந்ததைச் செலோடேப்பால் ஒட்டிப் பரப்பைக் கூட்டிக்காட்ட முடியாது. ஒரே பெரிய துண்டுதான் அளவுக்கு வரும். ஒரு விலக்கு உண்டு: 50 ரூபாயும் அதற்கு மேலுமான ஒரே நோட்டின் இரண்டு துண்டுகளும் தலா 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முழுத்தொகை கிடைக்கும்.

தீயில் கருகியது, தொட்டாலே உதிர்வது, பிரிக்க முடியாமல் கட்டியாக ஒட்டிக்கொண்டது என்றால் கிளைகள் வாங்கமாட்டா. பிரிக்க முயலாமல் அப்படியே ஒரு டப்பாவில் வைத்து ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது.