வகுப்பு ரேங்க் வேறு, பிளஸ் டூ மதிப்பெண் வேறு

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எத்தனையாவது ரேங்க்?" என்பதுதான். ரேங்க் என்பது அந்த வகுப்பில் நம் பிள்ளை நிற்கும் இடம் மட்டுமே. 430 மதிப்பெண் ஒரு பள்ளியில் மூன்றாம் ரேங்க். இன்னொரு பள்ளியில் இருபதாம் ரேங்க். பொதுத்தேர்வில் இரண்டும் ஒன்றே. தமிழக அரசும் 2017 முதல் மாநில ரேங்க் பட்டியலை வெளியிடுவதில்லை.

பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கணிக்க, அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்களைப் பாடவாரியாக எழுதிப் பாருங்கள். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் தொடர்ந்து 50 எடுப்பவர், மீதி 30-இல் 28 பெற்றால் 78-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணித மதிப்பெண் முழுதாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகவும் சேரும். கணிதம் 95, மற்ற இரண்டும் 80 என்றால் கட்-ஆஃப் 175. கணிதம் 75, மற்ற இரண்டும் 90 என்றால் 165. இருவருக்கும் கூட்டுத்தொகை 255தான்!

ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விடுவோம். எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைகிறது என்று பிள்ளையோடு அமர்ந்து பார்ப்போம். மீதமுள்ள நாட்களை அதற்குக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், பலன் கிடைக்கும்.